கஷ்டப்படும் குடும்பத்துக்குள் நாம் நுழையலாமா? திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

கோலாலம்பூர் செந்தூலில் பிபிஆர் எனும் அரசாங்க மலிவு வாடகை அடுக்குமாடி ஒன்றின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமை காலையில் வாசிப்பு வகுப்பு நடத்துகிறோம், ஒன்பது வருடமாகிறது. வகுப்பு என்றுதான் ஆரம்பித்தோம். ஆனால் எழுத்துக் கூட்டும்போதே தூங்கி விழுகிற பிள்ளை ஏன் தூங்குகிறது என்பது வகுப்பில் தெரியாது, வீட்டுக்குப் போனால்தான் தெரியும். அப்படிப் பிள்ளைகளின் பின்னாலேயே போய், விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுத்து, இலாகாக்களில் வரிசையில் நின்று பழகிவிட்டோம்.

கோயிலிலும் கல்யாண மண்டபத்திலும் போனிலும் என்னிடம் வருவது ஏறக்குறைய ஒரே கேள்விகள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

அடுத்தவங்க குடும்ப விஷயத்துல நாம எதுக்கு மூக்கை நுழைக்கணும்?

அந்த வீட்டுக்குள் ஏற்கனவே பல பேர் நுழைந்தாயிற்று. வாடகை பாக்கிக்கு நோட்டீஸ் ஒட்ட ஒருவர் வருகிறார், தண்ணீரை வெட்ட ஒருவர் வருகிறார், கடன்காரன் ராத்திரியில் வந்து கதவில் சிவப்புச் சாயத்தை ஊற்றிவிட்டுப் போகிறான். உதவ நினைக்கிறவர் மட்டும்தான் 'அது அவங்க வீட்டு விஷயம்' என்று வாசலோடு நின்றுவிடுகிறார்.

நான் சொல்வது இவ்வளவுதான்: நுழையலாம், ஆனால் சீக்கிரமாக நுழைய வேண்டும், சின்னதாக ஆரம்பிக்க வேண்டும், அந்த வீட்டுக்காரர்களைக் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும். அவர்களைக் கேட்காமல் நுழையவும் ஒரு நேரம் உண்டு, யாருடைய உயிருக்காவது உடம்புக்காவது ஆபத்து என்றால். அதைப் பின்னால் அடி சத்தம் பற்றிய கேள்வியில் சொல்கிறேன். தாமதித்துப் போனால் போலீஸ், கோர்ட், பிள்ளைகள் ஆசிரமம் என்று எல்லாம் பெரிதாகத்தான் நடக்கும். முதல் மாதத்திலேயே யாராவது பள்ளி வேன் காசைக் கட்டியிருந்தால் அதில் பாதி நடந்திருக்காது.

கோலாலம்பூர்ல எல்லாரும்தான் கஷ்டப்படறோம். இதுல யாரை 'வறுமையில மாட்டின குடும்பம்'னு சொல்றீங்க?

கணக்கையே முதலில் பார்ப்போம். 2019 வரைக்கும் மாத வருமானம் 980 வெள்ளிக்கு (ரிங்கிட்) கீழே இருந்தால்தான் ஒரு குடும்பம் ஏழை, அந்தக் கணக்கில் நாட்டில் வறுமை வெறும் 0.4 விழுக்காடு. அந்த வருடம் ஆகஸ்டில் ஐநாவின் வறுமை பற்றிய சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் வந்து பார்த்துவிட்டு, இந்த எண் உண்மை நிலவரத்துக்கு ஒத்து வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த வருடம் அரசாங்கம் வறுமைக் கோட்டை 2,208 வெள்ளிக்கு ஏற்றியது, 2019-க்கான வறுமை விகிதம் 5.6 விழுக்காடு ஆனது. 2022-இல் கோடு 2,589 வெள்ளி, விகிதம் 6.2. அதாவது நம் கண்ணுக்கு முன்னால் இருந்த லட்சக்கணக்கான குடும்பங்கள் கணக்கிலேயே இல்லாமல் இருந்திருக்கின்றன.

என்னுடைய அளவுகோல் வேறு, சாதாரணமானது. ஒரு மாதம் மோட்டார் சைக்கிள் ரிப்பேர் ஆகிறது என்று வையுங்கள். நீங்களும் நானும் புலம்பிக்கொண்டே ரிப்பேர் செய்வோம். மாட்டின குடும்பத்தில் மோட்டார் இல்லாவிட்டால் ஜாகா (காவலாளி) வேலைக்குப் போக முடியாது, நாலு நாள் போகாவிட்டால் வேலை போகும், வேலை போனால் 124 வெள்ளி பிபிஆர் வாடகைகூட நிற்கும், வாடகைக்குக் கடன் வாங்கினால் வட்டி ஏறும். ஒரு டயரில் ஆரம்பித்து வீடு வரைக்கும் சரிகிறது பாருங்கள், அதைத்தான் மாட்டிக்கொண்டது என்கிறேன்.

வீட்டுல ஆஸ்ட்ரோ இருக்கு, கையில பெரிய போன் இருக்கு. இவங்களா ஏழை?

போன் இல்லாமல் இப்போது யாருக்கும் வேலை இல்லை. சாப்பாடு டெலிவரி, ஜாகா ஷிப்ட், ஆசிரியர் அனுப்பும் வாட்ஸ்அப் தகவல், உதவித் தொகைக்கான விண்ணப்பம், எல்லாம் அதில்தான் வருகிறது. ஆஸ்ட்ரோ என்கிற கட்டண டிவியைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் ஒன்றும் இல்லை. பதினாலாவது மாடியில், லிஃப்ட் பாதி நாள் ஓடாத பிளாட்டில், நாலு பிள்ளைகளைக் கீழே விளையாட விடப் பயப்படும் தாய் டிவியைப் போட்டு உட்கார வைக்கிறாள்.

போனைப் பார்க்கிற கண்ணால் அந்தப் பிள்ளைகளின் உயரத்தையும் பாருங்கள். யுனிசெஃப் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், கோலாலம்பூர் வட்டாரத்து மலிவு விலை அடுக்குமாடிகளில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 22 பேர் வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாதவர்கள். இரட்டைக் கோபுரம் தெரிகிற ஜன்னலுக்கு உள்ளே இருக்கும் பிள்ளைகள் இவர்கள். வயிறு காலியாக இருப்பதில்லை, மேகியும் சோறும் சொய்யா சாஸும் போகிறது, ஆனால் மீனும் முட்டையும் கீரையும் போவதில்லை.

உழைச்சா முன்னேறலாமே? எங்கப்பா தோட்டத்துல பால்மரம் வெட்டியே எங்க ஆறு பேரையும் ஆளாக்கினாரே?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள், தங்கள் அப்பாவை மதிப்பதால் கேட்கிறார்கள். எங்கள் தாத்தாவும் வெட்டுமரத்துக்காரர்தான். ஆனால் அந்தச் சம்பளத்தோடு என்னென்ன வந்தது என்பதை மறந்துவிடுகிறோம். லயத்து வீட்டுக்கு வாடகை கிடையாது. பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு அம்மா பால்வெட்டு நிரைக்குப் போகலாம். தமிழ்ப்பள்ளி நடக்கிற தூரம். டிரஸ்ஸர் மருந்து கொடுப்பார். வீட்டுக்குப் பின்னால் வெண்டையும் முருங்கையும் நான்கு கோழியும் இருந்தன. சம்பளம் குறைவு, சுரண்டல் இருந்தது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அப்பா ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் வீடு காலியாகிவிடாது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புத் திட்டமாகவும் கோல்ஃப் திடலாகவும் மாறியபோது இவ்வளவும் ஒரே நாளில் போனது. இன்று புத்ராஜெயா இருக்கும் இடத்தில் பேராங் பெசார் தோட்டம் இருந்தது, அங்கே வேலை செய்த குடும்பங்களை டெங்கிலில் பிளாட்டுக்கு மாற்றினார்கள். இப்படி எத்தனையோ தோட்டங்கள். வந்தவர்கள் கம்பத்துப் புறம்போக்கில் பலகை வீடு கட்டினார்கள், அப்புறம் அதுவும் உடைக்கப்பட்டு தற்காலிக நீள வீட்டுக்கும், அங்கிருந்து பிளாட்டுக்கும் போனார்கள். உழைப்பு குறையவில்லை. இன்று கோலாலம்பூரில் பன்னிரண்டு மணி நேரம் ஜாகா வேலை பார்ப்பவர் தாத்தாவைவிடக் குறைவாக உழைக்கிறார் என்று யார் சொல்ல முடியும்? உழைப்புக்குக் கீழே இருந்த தரை போய்விட்டது.

தோட்டங்கள் கைமாறத் தொடங்கிய அந்தக் காலத்திலேயே, அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்து, தொழிலாளிகளிடம் மாதம் பத்து வெள்ளி வாங்கிச் சேர்த்து, கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தில் ஆரம்பித்து பல தோட்டங்களை அவர்கள் பெயரிலேயே வாங்கினார். சமுதாயம் தலையிடுவது என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். யாரும் யாரையும் 'சோம்பேறி' என்று சொல்லவில்லை, அவர்களுடைய பத்து வெள்ளியையே வாங்கி அவர்கள் காலுக்குக் கீழே நிலத்தைப் போட்டார்கள்.

பணத்தைக் கையில கொடுத்தா தண்ணி அடிச்சிட மாட்டாங்களா?

சில வீட்டில் அடிப்பார்கள். மலிவு சம்சுச் சாராயம் எத்தனை பேரைக் கொண்டுபோயிருக்கிறது என்று எங்கள் பிளாட்டில் விரல் விட்டு எண்ணலாம், அதை மூடி மறைப்பதில் பயனில்லை. ஆனால் அப்பா குடிக்கிற வீட்டில் பிள்ளைக்கு உதவியை நிறுத்தினால் அந்தப் பிள்ளைக்கு இரண்டு தண்டனை, அப்பாவின் குடி ஒன்று, நம்முடைய கோபம் இன்னொன்று.

வழி இருக்கிறது. தாயின் பேங்க் கணக்கில் போடலாம். வேன்காரரிடமோ பாலர் பள்ளியிலோ நேராகக் கட்டலாம். அரசாங்கத்தின் சாரா உதவி ஐசி என்கிற அடையாள அட்டையிலேயே வந்துவிடுகிறது, பதிவு பெற்ற கடைகளில் அரிசி, முட்டை, எண்ணெய், சவர்க்காரம் மாதிரி அத்தியாவசியப் பொருள்தான் வாங்க முடியும். குடி இல்லாத வீட்டில் மட்டும் இந்தச் சுற்றுவழி வேண்டாம், ரொக்கமாகக் கொடுத்துவிடுங்கள். இந்த மாதம் அவர்களுக்கு எது அவசரம் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

தீபாவளிக்கு அரிசி சாமான்லாம் கொடுக்கறோமே, அது போதாதா?

ஒரு வருடம் தீபாவளிக்கு மறுநாள் ஒன்பதாவது மாடியில் ஒரு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலுக்குப் பக்கத்தில் ஆறு மூட்டை அரிசி, ஒன்றின் மேல் ஒன்றாக, ஒவ்வொன்றிலும் ஒரு சங்கத்தின் ஸ்டிக்கர். அடுப்படியில் கேஸ் தீர்ந்துபோய் மூன்று நாள். 26 வெள்ளி 60 காசு இருந்தால் சிலிண்டர் மாற்றியிருக்கலாம், அது இல்லை. பிள்ளைகள் பக்கத்து வீட்டு மலாய்க்கார மாக்சிக், அதாவது ஆன்ட்டி, கொடுத்த ரொட்டியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அரிசியில் மூன்று மூட்டை டிசம்பருக்குள் வண்டு வைத்துவிட்டது. பிப்ரவரியில் பள்ளி திறந்து காலணி வாங்க வேண்டிய நேரத்தில் ஒருவரும் வரவில்லை.

கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கொடுப்பதற்கு முன் ஒரு போன் போட்டு 'என்னம்மா வேணும்?' என்று கேளுங்கள். அக்டோபரில் கொடுக்கிற காசை நாலாகப் பிரித்து வருடம் முழுக்கக் கொடுங்கள்.

கவர்மெண்டுதான் நிறைய கொடுக்குதே. இவங்க ஏன் போய் வாங்கிக்க மாட்டேங்கறாங்க?

கொடுப்பது உண்மை. எஸ்டிஆர் என்னும் ரொக்க உதவி தவணையாக வருகிறது. சமூக நல இலாகா ஏழைக் குடும்பப் பிள்ளைகளுக்கு மாத உதவி தருகிறது, 2025 முதல் ஆறு வயது வரை ஒரு பிள்ளைக்கு 250 வெள்ளி, ஏழிலிருந்து பதினெட்டு வரை 200 வெள்ளி, குடும்பத்துக்கு மாதம் 1,000 வெள்ளி வரை. எங்கள் பிளாட்டில் இதைக் கேள்விப்படாத வீடுகள் இன்னும் இருக்கின்றன, கேள்விப்பட்டும் போகாத வீடுகள் அதைவிட அதிகம்.

ஏன் போகவில்லை என்று உட்கார்ந்து கேட்டால் காரணம் வரும். ஒரு நாள் லீவு போட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. போனால் 'புருஷனோட சம்பளச் சீட்டு எங்க?' என்பார்கள், புருஷன் போய் மூன்று வருடம். மலாயில் பேசினால் பாதிதான் புரிகிறது, திரும்பக் கேட்கக் கூச்சம். ஒரு கவுண்டரில் ஒரு முறை யாரோ முகத்தில் அடித்தமாதிரி பேசிவிட்டால் அந்தக் குடும்பம் ஐந்து வருடத்துக்கு அந்தப் பக்கம் தலைவைக்காது. அதனால் நாங்கள் செய்யும் பெரிய வேலையே கூடப் போய் உட்கார்வதுதான். ஏழைக் குடும்பங்களுக்கான அரசாங்கப் பட்டியல் இகாசே, அதில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், அந்தப் பட்டியலில் ஏறினால் பல உதவிகளுக்குக் கதவு திறக்கும்.

இன்னொன்றை ரொம்பப் பேர் விட்டுவிடுகிறார்கள். கணவர் இறந்துவிட்டால், அவர் எங்கேயாவது சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா) கட்டியிருந்தாரா என்று அவருடைய ஐசி எண்ணை வைத்து, அதை நடத்தும் பெர்கெசோ அலுவலகத்தில் கேளுங்கள். கட்டியிருந்து தகுதியும் இருந்தால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மாதாமாதம் பென்ஷன் உண்டு. எங்களுக்குத் தெரிந்த ஒரு விதவைத் தாய் நாலு வருடம் பாத்திரம் கழுவிய பிறகுதான் இது தெரிய வந்தது.

பிள்ளைக்கு பொறப்பு சூரா இல்ல. இதுக்கும் வறுமைக்கும் என்னக்கா சம்பந்தம்?

பிறப்புப் பத்திரம், அதாவது சூரா, இல்லாவிட்டால் ஐசி இல்லை. ஐசி இல்லாவிட்டால் மேலே சொன்ன எந்த உதவியும் இல்லை, ஒரு வெள்ளிக்குப் பார்க்க வேண்டிய அரசாங்க கிளினிக்கில் வெளிநாட்டுக்காரர் கட்டணம், பள்ளியில் சேர்க்க அலைச்சல், பெரியவனானால் சட்டப்படி வேலை இல்லை. அப்படி நிற்கிற பையனை வேலைக்கு எடுத்துக்கொள்ள கும்பல்கள்தான் தயாராக இருக்கின்றன, அவர்கள் ஐசி கேட்பதில்லை.

நம் மக்களிடம் இதற்கு ஒரு முக்கியமான காரணம், கோயிலில் தாலி கட்டினதோடு கல்யாணம் முடிந்தது என்று நினைப்பது. 1982 மார்ச் முதல் இந்த நாட்டில் முஸ்லிம் அல்லாதவர் கல்யாணத்தைப் பதிய வேண்டும், பதியாவிட்டால் சட்டத்தின் கண்ணில் அது கல்யாணம் இல்லை. பதியாத கல்யாணத்தில் பிறக்கும் பிள்ளையின் குடியுரிமை தாயைப் பொறுத்தது. தாய் மலேசியர் என்றால் சிக்கல் குறைவு. தாய்க்கே பத்திரம் இல்லையென்றால், அப்பா தலைமுறை தலைமுறையாக இங்கே பிறந்தவராக இருந்தாலும் பிள்ளை நாடில்லாதவன் ஆகிவிடலாம். நம் கோயில்களில் தாலி கட்டும் முன்னால் பதிவுப் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் போதும், எத்தனையோ பிள்ளைகள் தப்பிக்கும். இதைக் கோயில் தலைவர்களிடம் நான் சொல்லாத வருடம் இல்லை.

சூரா தாமதமாகியிருந்தால் தேசியப் பதிவிலாகாவில் தாமதப் பதிவு செய்யலாம். ஆஸ்பத்திரிச் சீட்டு, மருத்துவ அட்டை, தாத்தா பாட்டியின் ஐசி நகல், எது கிடைத்தாலும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். மாதக்கணக்கில் ஆகும், சில சமயம் வருடக்கணக்கில். நடுவில் விட்டுவிடாதீர்கள்.

பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்பாத பெற்றோர் மேல கேஸ் போட முடியாதா?

முடியும். 2003 முதல் ஆரம்பக் கல்வி கட்டாயம், அனுப்பாத பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சரி, போட்டு என்ன செய்யப் போகிறோம்? 5,000 வெள்ளி இருந்தால் அந்தப் பிள்ளை பள்ளியில்தானே இருந்திருக்கும்.

போய்ப் பார்த்தால் காரணம் சின்னதாக இருக்கும். முன்னுரையில் சொன்ன தூங்கி விழும் பிள்ளைக்கு ஒன்பது வயது. அம்மா ராத்திரி ஷிப்டில் கிளீனர், எட்டு மாதத் தம்பிக்குப் பால் கலக்கிக் கொடுப்பது இவள். பால் புட்டியில் எந்தக் கோடு வரைக்கும் தண்ணீர், எத்தனை கரண்டி மாவு என்று எனக்குச் சொல்லிக் காட்டினாள், ஒரு சொட்டுத் தவறாமல். அவளுக்கு வாய்ப்பாடு வரவில்லை என்று ஆசிரியர் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். அம்மாவுக்குப் பகல் ஷிப்ட் மாற்றிக் கொடுக்கச் சொல்லி சூப்பர்வைசரிடம் பேசினோம், மூன்று வாரத்தில் பிள்ளை ஒழுங்காக வர ஆரம்பித்தாள். பள்ளியில் ஆர்எம்டி என்னும் கூடுதல் உணவுத் திட்டம் 1979-இலிருந்தே இருக்கிறது, ஏழைப் பிள்ளை என்றால் அதில் பெயர் இருக்கிறதா என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். சில பிள்ளைகள் பள்ளிக்கு வருவதே அந்தப் பசியாறலுக்காகத்தான், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பக்கத்து வீட்டுல அம்மா வேலைக்குப் போறப்ப சின்னப் பிள்ளைங்களை உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போறாங்க. புகார் பண்ணணுமா?

கஷ்டமான கேள்வி, நானும் இதில் இரண்டு மாதிரி நினைத்திருக்கிறேன். 2001 சிறார் சட்டப்படி, தக்க மேற்பார்வை இல்லாமல் பிள்ளையை விட்டுப் போவது குற்றம், தண்டனையும் கடுமை. பூட்டிய வீட்டில் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்கும், அதனால் 'நமக்கென்ன' என்று போகவே கூடாது.

ஆனால் முதல் வேலை அந்தக் கதவைத் தட்டுவது, அம்மா வந்ததும் 'வேலைக்குப் போறப்ப நான் பார்த்துக்கட்டுமா, இல்ல யாராச்சும் ஏற்பாடு பண்ணலாமா?' என்று கேட்பது. பிள்ளை பார்க்கிற இடத்துக்குக் கட்டினால் அவள் சம்பளத்தில் பாதிக்குக் கிட்டப் போய்விடும். அவள் அலட்சியத்தால் பூட்டவில்லை, வெளியே விட்டால் என்ன ஆகுமோ என்ற பயத்தில்தான் பூட்டுகிறாள். எங்கள் பிளாட்டில் மூன்று அம்மாக்கள் ஷிப்டை மாற்றிப் போட்டுக்கொண்டு ஒருவர் பிள்ளையை ஒருவர் பார்க்கிறார்கள், அரிசிக் கேள்வியில் சொன்ன மாக்சிக்கும் அதில் சேர்த்தி. பேசிப் பார்த்தும், ஏற்பாடு செய்து கொடுத்தும், பிள்ளை பசியோடும் அழுக்கோடும் கிடக்கிறது, கேட்பார் இல்லை என்றால் அப்போது நல இலாகாவுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

ராத்திரியில அடி சத்தம் கேட்குது, பிள்ளை கத்துது. சொன்னா நம்ம பேர் வெளிய வந்துடுமோன்னு பயமா இருக்கு.

இங்கே மட்டும் நான் கதவைத் தட்டச் சொல்ல மாட்டேன், சம்மதம் கேட்கவும் சொல்ல மாட்டேன். உடனே அரசாங்க உதவி எண் தாலியான் காசே 15999-ஐக் கூப்பிடுங்கள், இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள். அந்த நிமிடமே ஆபத்து என்றால் 999. தகவல் சொன்னவரைப் பாதுகாக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. சத்தம் கேட்ட தேதி, நேரம், என்ன கேட்டது என்பதைப் போனில் குறித்து வையுங்கள், அது பின்னால் உதவும்.

அடிபடுவது மனைவி என்றால், நல இலாகா அதிகாரி அவசரப் பாதுகாப்பு ஆணையை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்க முடியும், ஏழு நாள் செல்லும், அதற்குப் போலீஸ் ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பிள்ளையை வெளியே எடுத்தால் இருபத்து நாலு மணி நேரத்துக்குள் சிறார் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும், ஆக யாரும் இஷ்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட முடியாது. 'ஏழைங்க வீட்டுல இதெல்லாம் சகஜம்' என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். பங்களாவிலும் அடி விழுகிறது, சுவர் கெட்டியாக இருப்பதால் கேட்பதில்லை.

இவ்வளவு கஷ்டத்துக்கு பிள்ளைங்களை ஆசிரமத்துல சேர்த்துட்டா நல்லா சாப்பிட்டு படிப்பாங்களே?

அப்பா அம்மா இல்லாத பிள்ளை, வீட்டில் ஆபத்துள்ள பிள்ளை, அவர்களுக்கு நல்ல இல்லம் தேவை, அதை நடத்துகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அம்மா உயிரோடு, அன்போடு இருக்கும்போது, காசில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளையைப் பிரிப்பதை என்னால் ஏற்கவே முடியாது. இல்லத்தில் ஒரு பிள்ளையை வைத்திருக்க மாதம் ஆகும் செலவை அந்த அம்மா கையில் கொடுத்துப் பாருங்கள், பிள்ளை வீட்டிலேயே வளரும். இல்லத்துக்கு நன்கொடை கொடுக்க வரிசையில் நிற்கிறோம், அம்மாவுக்குக் கொடுக்கச் சொன்னால் மட்டும் தண்ணி அடிக்கும் கேள்வி வந்துவிடுகிறது.

சேர்த்தே ஆக வேண்டும் என்றால், 1993 பராமரிப்பு மையங்கள் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற இல்லமா என்று பாருங்கள். அண்ணன் தங்கையைப் பிரிக்காதீர்கள். எப்போது வீட்டுக்குத் திரும்பலாம் என்று முதல் நாளே பேசி எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் ஆறு மாதம் என்று போன பிள்ளை ஆறு வருடம் இருக்கும்.

ஆலோங்கிட்ட மாட்டிக்கிட்டாங்க. நாங்க நாலு பேர் சேர்ந்து கடனை அடைச்சிடலாமா?

ஆலோங் கடனை, அதாவது லைசென்ஸ் இல்லாத வட்டிக்காரனின் கடனை, மொத்தமாக அடைக்காதீர்கள். இவர்களுக்குப் பின்னால் ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் கணக்கு இன்னும் ஏறும். லைசென்ஸ் உள்ள வட்டிக்கடைக்கே சட்டப்படி ஈடு இல்லாத கடனுக்கு வருடம் 18 விழுக்காடுதான் உச்சம், ஈடு இருந்தால் 12. ஐசியையும் பேங்க் கார்டையும் பிடுங்கி வைத்துக்கொண்டு வாரத்துக்கு வட்டி வாங்குபவன் எந்தச் சட்டத்திலும் இல்லை. போலீஸில் ரிப்போர்ட் கொடுங்கள், கூட இரண்டு பேர் போங்கள். பேங்க் கார்டை ரத்து செய்யுங்கள். பேங்க் கடன், மோட்டார் கடன் இவற்றுக்கு ஏகேபிகே என்னும் கடன் ஆலோசனை நிறுவனம் இலவசமாகவே வழி சொல்லும், ஆனால் ஆலோங் கடன் அவர்கள் வேலையில் வராது.

உதவி செய்யப் போனா கதவைச் சாத்திட்டாங்க. திமிர் பிடிச்சவங்களுக்கு எதுக்கு செய்யணும்?

2021 ஜூலையில், கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது, சாப்பாடு இல்லாத வீடுகள் வெள்ளைக்கொடி ஏற்றச் சொல்லி ஓர் இயக்கம் நாடு முழுக்கப் பரவியது ஞாபகம் இருக்கிறதா? எங்கள் பிளாட்டில் கொடி பறந்த வீடுகளுக்கு ஒரு மணி நேரத்தில் சாப்பாடு வந்தது, எல்லா இனத்துக்காரர்களும் கொண்டுவந்தார்கள். ஆனால் ரொம்பக் கஷ்டப்பட்ட இரண்டு வீடுகளில் கொடியே இல்லை. அதில் ஓர் ஐயா என்னிடம், 'பொண்ணுக்கு வரன் பாக்கறேன் டீச்சர், கொடி கட்டினா பொண்ணு கேட்டு யாரு வருவா?' என்றார்.

கதவைச் சாத்துபவருக்குப் பின்னால் இப்படி ஏதாவது இருக்கும். எங்கள் குழுவே ஒரு தப்பு செய்தது. பள்ளிப்பை கொடுத்தபோது பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டோம், அது வகுப்புத் தோழர்கள் வரைக்கும் போய், ஒரு பையன் இரண்டு வாரம் பள்ளிக்கே வரவில்லை. பையை அவன் அம்மா திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். அன்றிலிருந்து படம் கிடையாது, பேனர் கிடையாது. நன்கொடையாளர் கோபித்துக்கொண்டாலும் சரி, ரசீது காட்டுகிறோம், பிள்ளை முகத்தைக் காட்டுவதில்லை.

அப்ப தமிழன் தமிழனுக்கு மட்டும்தானா?

இல்லவே இல்லை. எங்கள் வகுப்பில் மலாய்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். தமிழ் வீடுகளைப் பற்றி அதிகம் எழுதியதற்குக் காரணம், அந்த வீட்டுத் தாயிடம் தமிழில் பேச ஆள் தேவைப்படுகிறது, அது நம்மால் முடியும்.

ஒரு குடும்பத்துக்கு எத்தனை வருஷம்தான் செய்யறது? எங்களுக்கே களைப்பா இருக்கு.

களைப்பு நியாயமானது, எனக்கும் இருக்கிறது. அதனால்தான் ஒரே ஆள் பத்து குடும்பத்தைச் சுமக்க வேண்டாம் என்கிறேன், இரண்டு பேர் ஒரு குடும்பம் போதும். என் அனுபவத்தில் மூத்த பிள்ளை ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம் முடித்தோ ஒரு தொழில் கற்றோ சம்பளம் வாங்கும் வரைக்கும் யாராவது ஒருவர் போனை எடுக்கிற தூரத்தில் இருந்தால் அந்தக் குடும்பம் நின்றுவிடுகிறது. நடுவில் இரண்டு தடவையாவது எல்லாம் மறுபடி சரியும். அப்போது 'இவ்வளவு செஞ்சும் இப்படியா?' என்று நாம் விலகுவதுதான் அவர்களுக்குப் பெரிய அடி.

ஒன்பதாவது மாடி அக்காவின் மூத்தவன் இப்போது ஷா ஆலமில் வயரிங் வேலை பார்க்கிறான், மாதா மாதம் கேஸ் அவன் காசு. போன சனிக்கிழமை வகுப்பு முடிகிற நேரத்தில் அக்கா இறங்கி வந்தார், கூடவே பதினோராம் மாடியிலிருந்து ஒரு சின்னப் பெண், இடுப்பில் குழந்தை, சூரா இல்லை. நான் பாரத்தை எடுக்க எழுந்தேன். 'நீங்க உக்காருங்க டீச்சர், எனக்குத் தெரியும்' என்று சொல்லிவிட்டு அக்கா தன்னுடைய பழைய நீலக் கோப்பைத் திறந்து, முதலில் என்ன நகல் எடுக்க வேண்டும், எந்தக் கவுண்டரில் எத்தனை மணிக்குப் போனால் வரிசை குறைவு என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்ல ஆரம்பித்தார்.